பேர்த்திலிருந்து தம்புள்ளைக்கு

தம்புள்ளை

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாசித் தேருக்கு வர ஆசைதான், ஆனால் சின்னவளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் முடியாது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றாய். அதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முதலில் அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

பேர்த்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 5,800 கிலோமீற்றர். சிங்கப்பூர் வழியாக வந்தால் 800க்கு மேல் கூடும். சிங்கப்பூருக்கு ஐந்தரை மணித்தியாலம், அங்கிருந்து இங்கே நான்கு. இறங்கி, குருநாகல் வழியாக வீடு வர இன்னொரு நான்கு. காத்திருப்பதையும் சேர்த்தால் பதினேழு, பதினெட்டு. நம் கடிகாரம் உங்களுடையதற்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்பதால், காலை ஏழுக்கு அங்கே விமானம் ஏறினால் இரவு பத்து, பத்தரைக்கு நம் வீட்டில் சாப்பிடலாம்.

இதே கடலை யுத்த காலத்தில் கடந்தவர்களை நினைத்துப் பார். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வழி அடைபட்டுப்போனது. அடுத்த வருஷமே குவாண்டாஸ்காரர்கள் உங்கள் ஊர் ஸ்வான் ஆற்றுக்கும் காலிக்குப் பக்கத்தில் கொக்கலை வாவிக்கும் இடையே கட்டலினா என்ற கடல் விமானத்தை நிறுத்தாமல் ஓட்டினார்கள். எரிபொருளின் பாரத்தால் மூன்று பேருக்கு மேல் ஏற்ற முடியாது. எதிரிக்குத் தெரியாதபடி ரேடியோவில் பேசாமல், நட்சத்திரம் பார்த்துத் திசை பிடித்தார்கள். ஒரு தடவை 32 மணித்தியாலம் 9 நிமிடம் வானத்திலேயே இருந்தார்களாம். ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் அதற்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே பெயர்.

அதற்கும் முன்னே நம் பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, இந்தத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே போனார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வந்த இருநூறாம் ஆண்டு நினைவாக, 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களும் இந்த வழியாகத்தான் போனார்கள். அக்கரையில் விட்டுவந்த தாய்க்கு, பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று அறிய அன்று எளிதான வழி கிடையாது. நம் அம்மாவுக்குத் தினமும் உன் முகம் போனில் தெரிகிறது. ஆனாலும் சின்னவளைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்.

போன தேருக்கு மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் போய் முடியும் வரை அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அப்படி நிற்பாரா, சொல்ல முடியாது. இந்த மாசிக்கே வா.

டிக்கட் எடுக்கும்போது மலிவைப் பார்த்துச் சிங்கப்பூரில் ஒரு மணித்தியால இடைவெளியை எடுத்துவிடாதே. மூன்று மணித்தியாலமாவது இருக்கட்டும், பிள்ளை ஓடியாடிக் களைத்தால் அடுத்த விமானத்தில் தூங்கிவிடும். இரவில் மரக்கறி லொறிகள் தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்கு வரிசையாக வரும், வேன் மெதுவாகத்தான் வரும், பயப்படாதே. நானே கட்டுநாயக்கவுக்கு வருகிறேன். மச்சானுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது, வேன்காரருக்கு நாள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்