டிரம் டான்ஸை எடுத்தவர்கள்

‘சந்திரலேகா’வின் உச்சக்காட்சியில் வரும் முரசு நடனத்தைத் தமிழ் ரசிகர்கள் ‘டிரம் டான்ஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக ஆளுயரத்துக்கும் மேற்பட்ட முரசுகள். அவற்றின் மேல் ஆடும் பெண்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து பாய்ந்து வரும் போர்வீரர்கள். சுமார் 400 பேர் ஆடினார்கள், ஆறு மாதம் ஒத்திகை நடந்தது, அந்த ஒரு காட்சிக்கே 5 லட்சம் ரூபாய் ஆனது என்பவை படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தரும் கணக்குகள். எடுத்தது யார் என்று கேட்டால் மட்டும் பதில் ஒரே மாதிரி வருவதில்லை. தயாரிப்பு, இயக்கம் எஸ். எஸ். வாசன் என்பதில் பட்டியல்கள் ஒத்துப்போகின்றன. ஒளிப்பதிவுக்கு ஒரு பட்டியலில் கமல் கோஷ் மட்டும் இருப்பார், இன்னொன்றில் கே. ராம்நாத்தும் சேர்ந்திருப்பார். இந்த இரண்டாவது பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் தேடலின் தொடக்கம்.

அந்தக் காலப் படங்களில் பணியாற்றியவர்களை அறிய முதலில் கைகொடுப்பது டைட்டில். அடுத்தது பாட்டுப் புத்தகம். தியேட்டரில் சில்லறைக் காசுக்கு விற்ற அந்த மலிவுக் காகிதப் புத்தகத்தில் நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டுகள் எல்லாம் இருக்கும். கதையை முக்கால்வாசி சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காணும்படி வாசகரை அனுப்பிவைப்பார்கள். பிலிம் நியூஸ் ஆனந்தன் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் திரட்டிய தகவல்கள் இல்லையென்றால் இந்தப் பெயர்களில் பாதி காணாமல் போயிருக்கும். ஆனால் இத்தகைய பட்டியல்களுக்கு ஒரு குறை உண்டு. படம் வெளியாகும் நாளில் யார் யார் இருந்தார்களோ அவர்களுக்கே அவற்றில் முதலிடம். ‘சந்திரலேகா’ 1943-இல் எடுப்பதென்று முடிவாகி, 1948 ஏப்ரல் 9-ஆம் தேதி வெளியானது. இவ்வளவு நீண்ட காலத்தில் வந்தவர்கள் உண்டு, போனவர்கள் உண்டு. எனவே பட்டியலைவிடத் தேதிகளே அதிகம் பேசும்.

இயக்குநர் கே. சுப்ரமணியம் மவுண்ட் ரோட்டில் நடத்திவந்த மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன் ஸ்டூடியோ தீயில் பாதிக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தபோது, 1940-இல் வாசன் அதை வாங்கினார். அதுதான் ஜெமினி ஸ்டூடியோ. ‘பால நாகம்மா’, ‘மங்கம்மா சபதம்’ இரண்டும் பணம் கொட்டிய பிறகு பெரிய படம் ஒன்று எடுக்க ஆசைப்பட்டார். கையில் இருந்தது தலைப்பு மட்டும்; கதை இல்லை. பத்திரிகை விளம்பரத்தில் வளர்ந்தவருக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கதை தேடும் வேலை ஜெமினி கதை இலாகாவிடம் போனது. கொத்தமங்கலம் சுப்பு, கே. ஜே. மகாதேவன், சங்கு சுப்ரமணியம், வேப்பத்தூர் கிட்டு ஆகியோர் அதில் இருந்தார்கள். ஜி. டபிள்யூ. எம். ரேனால்ட்ஸின் ‘ராபர்ட் மக்கேர்’ நாவலைப் படித்திருந்த கிட்டு, அதன் தொடக்கக் காட்சியைச் சொல்ல, அதிலிருந்து கதை கிளைத்தது. ‘கதை: ஜெமினி கதை இலாகா’ என்று போட்டுக்கொண்டது தன்னடக்கம் அல்ல. யார் எந்தக் காட்சியைச் சொன்னார் என்பது அங்கிருந்தவர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாத சங்கதியாக இருந்திருக்கும்.

நடிகர் தேர்விலும் இதே கதைதான். வில்லன் சசாங்கனாக முதலில் நினைக்கப்பட்டவர் ‘தியாகபூமி’ கதாநாயகன் மகாதேவனே. வில்லனுக்கு வேண்டிய முரட்டுத்தனம் அவரிடம் போதவில்லை என்று கருதப்பட்டதால் ரஞ்சன் வந்தார். மகாதேவன் எழுத்துப் பக்கம் நின்றுகொண்டார். கதாநாயகன் எம். கே. ராதாவுக்கும் வாசனுக்கும் உள்ள தொடர்பு ஜெமினிக்கு முந்தையது. வாசன் எழுதிய கதை 1936-இல் ‘சதி லீலாவதி’ என்று படமானபோது நாயகன் ராதாதான். கதாநாயகி டி. ஆர். ராஜகுமாரி அப்போதே பெரிய நட்சத்திரம்.

என். எஸ். கிருஷ்ணன் கதையில் சேர்ந்தது வேறு வழியாக. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதான அவர் 1947 ஏப்ரலில்தான் விடுதலையானார். அவருக்கும் டி. ஏ. மதுரத்துக்குமான சர்க்கஸ் நகைச்சுவைப் பகுதி அதற்குப் பின்புதான் கதையில் சேர்க்கப்பட்டது. அப்படியானால் 1947 நடுவிலும் படம் முடியவில்லை, கதை மாறிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. இயக்கத்தைத் தொடங்கிய டி. ஜி. ராகவாச்சாரி, அதாவது ஆச்சார்யா, கணிசமான பகுதியை எடுத்த பிறகு கருத்து வேறுபாட்டால் விலக, வாசன் தாமே இயக்க ஆரம்பித்தார். இயக்குநராக அவருக்கு அதுதான் முதல் படம். அதே 1947 ஆகஸ்டில் ராம்நாத்தும் ஜெமினியை விட்டுப் போனார். ஒளிப்பதிவில் இரண்டு பெயர் அடிபடுவதற்குக் காரணம் இங்கே கிடைத்துவிடுகிறது: தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் இன்னொருவர்.

ராம்நாத்தின் தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் அது சென்னையில் தொடங்கவில்லை, கோலாப்பூருக்குப் போகிறது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் பம்பாயில் உருவானது. தமிழ்ப் படம் எடுக்க பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கோலாப்பூருக்கும் ரயிலேறுவது அப்போது சாதாரணம். வேல் பிக்சர்ஸின் ‘சீதா கல்யாணம்’ 1934-இல் கோலாப்பூர் பிரபாத் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. அதில் ராம்நாத்தும் கலை இயக்குநர் ஏ. கே. சேகரும் வேலை செய்தார்கள். இவர்களோடு முருகதாசா என்ற முத்துசாமி ஐயரும் சேர்ந்த மூவர் கூட்டு, வேல் பிக்சர்ஸிலிருந்து ஜெமினிவரை நீடித்தது. ஜெமினியின் ‘நந்தனார்’ (1942) முருகதாசா இயக்கியது. சென்னையில் பேசும்படம் எடுக்க முடியும் என்று முதலில் காட்டிய ஏ. நாராயணனின் ஸ்ரீனிவாசா சினிடோனும் 1934-ஐச் சேர்ந்ததே. அங்கே ‘ஸ்ரீனிவாச கல்யாணம்’ படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் நாராயணனின் மனைவி மீனாட்சி. ஒலிப்பதிவுக் கருவியின் முன் ஒரு பெண் உட்கார்ந்த அந்தச் செய்தி வரலாறுகளில் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது நியாயமில்லை.

டிரம் டான்ஸின் ஊற்றுக்கண்ணைத் தேடும்போது இன்னொரு படமும் குறுக்கிடுகிறது. அல்மோராவில் இருந்த தம் கலை மையம் மூடப்பட்ட பிறகு, உதய் சங்கர் தம்முடைய ஒரே படமான ‘கல்பனா’வை எடுத்தது ஜெமினி ஸ்டூடியோவில்தான். அதன் ஒளிப்பதிவாளர் ராம்நாத். 1948 தொடக்கத்தில் வெளியான அந்தப் படம் முழுக்க முழுக்க நடனம். பெருங்கூட்டத்தை ஒரே தாளத்தில் அசைத்து, அந்த அசைவையே காட்சியாக்கியது. அதே தளங்களில், ஏறக்குறைய அதே காலத்தில், ‘சந்திரலேகா’வும் வளர்ந்துகொண்டிருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று என்று சாதிக்க முடியாவிட்டாலும், இரண்டுக்கும் பொதுவான ஆள் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் இருந்தார். டிரம் டான்ஸின் நடன அமைப்பு ஜெயசங்கருடையது; அரங்கம் சேகருடையது. சர்க்கஸ் காட்சியில் ஜூம் லென்ஸ் இல்லாமல் டிராலியை நகர்த்தியே ராம்நாத் அந்த விளைவைக் கொண்டுவந்தார் என்று திரைப்பட வரலாற்றாளர் ராண்டார் கை எழுதியிருக்கிறார்.

பட்டியலில் வராதவர்கள் எத்தனை பேர் என்பதை உணர, ஜெமினியில் 1952 முதல் 14 ஆண்டுகள் வேலை பார்த்த அசோகமித்திரனின் நினைவுக்குறிப்புகளைப் படிக்க வேண்டும். அவர் காட்டும் மேக்கப் இலாகா, ராபர்ட் கிளைவின் குதிரை லாயம் என்று சொல்லப்பட்ட கட்டடத்தின் மாடியில் இயங்கியது. எல்லாக் கோணத்திலும் பல்பு எரியும் பெரிய கண்ணாடிகள், வெந்து போகும் முகங்கள், ‘பேன் கேக்’ பூச்சு. இலாகாவுக்கு முதலில் தலைமை வகித்தவர் ஒரு வங்காளி. அவருக்குப் பின் ஒரு மராட்டியர். உதவியாளர்களில் தார்வார்க்காரர், ஆந்திரர், சென்னைக் கிறிஸ்தவர், ஆங்கிலோ-பர்மியர் என்று பல ஊர்க்காரர்கள். தலைமை மேக்கப்காரர் நாயகன், நாயகியின் முகத்தைத் தொடுவார். மூத்த உதவியாளருக்கு இரண்டாம் நாயகன், நாயகி. இளைய உதவியாளருக்கு நகைச்சுவை நடிகர். கூட்டக் காட்சி உள்ள நாளில், பெரிய பாத்திரத்தில் சாயத்தைக் கலக்கி வரிசையாக நிற்கும் துணை நடிகர்களின் முகத்தில் அப்புவது ஆபீஸ் பையனின் வேலை. ‘பையன்’ என்று பெயர்தானே தவிர, நாற்பதைத் தாண்டியவர். நடிகராகவோ இயக்குநராகவோ ஆகும் ஆசையில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவர் அவர். டிரம் டான்ஸ் போன்ற ஒரு கூட்டக் காட்சிக்கு முகம் பூசியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஊகிக்க இந்தச் சித்திரம் போதும்.

மாதச் சம்பளம்தான் இவர்களையெல்லாம் ஒரு கூரையின் கீழ் வைத்தது. சம்பளப் பதிவேட்டில் இருந்தவர் எந்த இலாகா வேலைக்கும் கூப்பிடப்படலாம். கொத்தமங்கலம் சுப்பு கவிஞர், நடிகர், கதாசிரியர், இயக்குநர் என்று எல்லாமுமாக இருந்தார். ‘ஔவையார்’ (1953) அவர் இயக்கியது. நடிக்க வாய்ப்பு கேட்டு வருபவர்களைப் பார்த்துப் பேசி அனுப்பும் பொறுப்பில் இருந்த கணேசன் பிற்பாடு ஜெமினி கணேசன் ஆனார். ஸ்டூடியோவின் பெயரை வாழ்நாள் முழுவதும் அவர் சுமந்தார்.

இந்திப் பதிப்பு 1948 டிசம்பர் 24-இல் வந்தபோது சில காட்சிகள் மாறின, வசனத்துக்கு ஆகா ஜானி காஷ்மீரியும் பண்டிட் இந்திராவும் வந்தார்கள், பட்டியலும் மாறிப்போனது. ஆச்சார்யா மனஸ்தாபம் தீர்ந்து 1949-இல் ஜெமினிக்கே ‘அபூர்வ சகோதரர்கள்’ இயக்கினார், நாயகன் எம். கே. ராதாதான். ராம்நாத் திரும்பவில்லை. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவுக்கு ‘ஏழை படும் பாடு’ (1950), ஜூபிடருக்கு ‘மர்மயோகி’ (1951) என்று இயக்குநராகவே தொடர்ந்து, 1956-இல் காலமானார்.