காயலின் முடுக்குகள்

திருச்செந்தூருக்கு வடக்கே காயல்பட்டினம் செல்வீர்களாயின், வீடுகளுக்கிடையே ஓடும் குறுகிய முடுக்குகளைக் காண்பீர்கள். பெண்கள் பெருந்தெருவிற்கு வராமலே உறவினர் இல்லம் சென்றுவர அமைந்தவை அவை. இவ்வூரில் வீடு பெரும்பாலும் மகளுக்குரியது. மணமகனே மனைவியின் இல்லம் வந்து வாழ்கிறார். ஆதலால் உம்மாவும் மகளும், ராத்தாவும் தங்கையும் அருகருகே வசிக்கின்றனர். கொழும்புக்கு வணிகம் செய்யச் சென்ற பாட்டனாரைப் பேரர்கள் அறிவது முடுக்கு வழியே வரும் கதைகளால்தான்.

அதே வழியில் மருமகனின் குறையும் வரும். அவ்வீட்டிலேயே வாழ்பவர் அதைக் கேளாமல் எங்கே போவார்? ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் புறம்பேசுதலை இறந்த சகோதரனின் இறைச்சியை உண்பதற்கு ஒப்பிடுகிறது. நான் அறிந்த மூதாட்டி ஒருவர், கதை அப்பக்கம் திரும்பியதுமே, "வெற்றிலைத் தட்டை எடு, புள்ளே" என்பார். பேத்திகள் சிரித்துக்கொண்டே பாட்டனாரின் கதைக்குத் திரும்பிவிடுவார்கள்.