அரைப்பேர் போடாத துரை

பிள்ளைகளே,

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்: "ஐயா, வாராவாரம் சம்பளம், லயம், காணி என்றே பேசுகிறீர்கள். பரலோகத்தைப் பற்றி எப்போது பேசப் போகிறீர்கள்?"

எனக்குக் கோபம் வரவில்லை. இளம் போதகனாக இருந்தபோது இதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. அதற்குப் பதில் சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பால்வெட்டுக்கார அம்மாயி.

கேகாலைப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டம். நான் அங்கே போய் ஆறு மாதம் இருக்கும். அன்றைய பாடம் மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமை. கதை உங்களுக்குத் தெரியும். தோட்டக்காரர் விடியற்காலையில் ஆள் கூப்பிடுகிறார். பிறகும் நாலு தரம் கடைத்தெருவுக்குப் போகிறார். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சேர்த்தவனுக்கும் காலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். நான் கிருபையைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். இரண்டு கிரேக்கச் சொற்களுக்கும் விளக்கம் சொன்னேன். வாசலில் கைகொடுக்கும்போது அம்மாயி சொன்னார்: "அந்தத் தொரை யாருக்குமே அரப்பேரு போடலீங்களே ஐயா!"

கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் உங்களில் சிலருக்கு இந்தச் சொல் மறந்திருக்கலாம். தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு 'பேர்'. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து நிறுக்காவிட்டால் அரைப்பேர். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு வந்து, நாள் முழுக்க மலையில் நின்று, அட்டைக்கடியோடு இறங்கினாலும் தராசு சொல்வதுதான் கணக்கு.

றப்பரில் இது இன்னும் மோசம். விடியும்முன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், சிரட்டையில் விழுந்த பாலும் தண்ணீரோடு வழிந்து போகும். நம் சப்ரகமுவ மழைக்குப் பேர்போன இடம். கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி எத்தனை காலைகள் நின்றிருக்கிறோம்! உவமையில் ஐந்து மணிவரை கடைத்தெருவில் நின்றவர்களை நான் சோம்பேறிகள் என்றே நினைத்திருந்தேன். அம்மாயி அவர்களை மழைக்குள் மாட்டிய பால்வெட்டுக்காரர்களாகப் பார்த்தார். "அவுங்க வீட்டுலயும் அன்னிக்கு அடுப்பு எரியணும்ல?" என்றார். கடைசியில் வந்தவனுக்கு முதலில் கூலி கொடுத்ததையும் அவர் கவனித்திருந்தார். "ஒளிச்சுக் குடுக்கலீங்க. எல்லாரும் பாக்கத்தான் குடுத்தாரு."

அன்றிலிருந்து வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கேள்வியோடுதான் திறக்கிறேன். இங்கே யாருக்கு முழுப்பேர் விழுகிறது, யாருக்கு அரைப்பேர் விழுகிறது?

இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம் சனத்தின் வரலாற்றையும் அப்படிப் படித்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் பாட்டன், பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களிடம் இத்தனை வருடம் இங்கேயே தொடர்ந்து வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில் பிறந்தவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கொழுந்து நிறுப்பது போலத்தான் மனிதரை நிறுத்தார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம் என்று பிரிந்த வீடுகள் எத்தனை! நாடற்ற நிலையைச் சட்டத்தில் முடித்துவைக்க 2003 வரை ஆனது.

இதனால்தான் உங்களிடம் ஓயாமல் சொல்கிறேன்: பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் பெயர் பிழையாக இருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். படித்த பிள்ளை பக்கத்துக் காம்பரா தாத்தாவுக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பதும் ஆராதனைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் சட்டிபானையோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டன. தோட்டத்தை ஒட்டிய சிங்களக் கிராமத்தை நாம் 'நாடு' என்கிறோம், தோட்டம் நாட்டுக்குள் இல்லாதது போல. தீ வைக்க வந்தவர்களும் நாட்டிலிருந்துதான் வந்தார்கள். நம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்து, வாசலில் காவல் நின்றவர்களும் அதே நாட்டுக்காரர்கள்தான். முதலாமவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாமவரை மறந்தால், அவர்களுக்கு நாம் போடுவது அரைப்பேர். கண்டியில் 1972இல் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் தோட்டத்து மக்களையும் கிராமத்து மக்களையும் ஒரே பாயில் உட்காரவைக்கப் பாடுபட்டார். சிங்களம் படியுங்கள் என்று நான் சொல்வது உத்தியோகத்துக்காக மட்டும் இல்லை, அந்தப் பாயில் உட்காரவும்தான்.

அம்மாயியின் கதை இன்னும் முடியவில்லை. அவர் சொன்ன விளக்கத்தை எடுத்துக்கொண்டு நான் நாலு வாரம் அனல் பறக்கப் பிரசங்கித்தேன். தராசில் கழிவு என்று வெட்டுவதையும் கிலோவைக் கூட்டுவதையும் பேசினேன். பையன்கள் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். ஐந்தாவது வாரம் அதே வாசலில் அம்மாயி மெதுவாகக் கேட்டார்: "மழ நாள்ல கோயில் கூட்ட வரமுடியலேன்னா, அந்தப் புள்ளைக்கு நீங்க எவ்வளவு குடுக்குறீங்க ஐயா?"

வாயடைத்துப் போனேன். கோயிலைக் கூட்டிப் பெருக்கிய பெண்பிள்ளைக்கு, அவள் வராத நாளுக்குக் காசை வெட்டியிருந்தேன். கணக்குப் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது. அவள் நோயாளித் தாயை விட்டு வரமுடியாத நாட்களும் அதில் இருந்தன. நான் ஒரு தரமும் விசாரித்ததில்லை.

நம் சபையின் கதையும் இதுதான். மலைநாட்டுத் தோட்டங்களில் அங்கிலிக்கன் ஊழியத்தை 1854இல் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரிலேயே 'கூலி' என்ற சொல் இருந்தது. துரைமார் பணம் கொடுத்தார்கள். எழுத்தும் சுவிசேஷமும் லயத்துக்கு வந்தன, அதற்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் நம்மைச் சகோதரர் என்று அழைக்க வந்த சபையும் முதலில் கூலி என்றுதான் எழுதிவைத்தது. சாதி பார்த்துப் பந்தியில் ஆள் ஒதுக்கிய கிறிஸ்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே நியாயம் பேசக் கிளம்புகிறவர் முதலில் தன் வீட்டுச் செக்ரோலைத் திறந்து பார்க்கட்டும். அம்மாவும் அக்காவும் செய்கிற வேலைக்கு உங்கள் வீட்டில் எத்தனை பேர் விழுகிறது?

தோட்டத்துக் கணக்கையும் இப்படித் திறந்து பாருங்கள். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது நாம் பட்டாசு கொளுத்தினோம். பிறகு பல தோட்டங்களில் கிலோ கூடியது, வேலை நாள் குறைந்தது, அரைப்பேர் பெருகியது. தொகையை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பேர் எப்படி விழுகிறது என்று பார்த்தவர்களுக்கு விஷயம் முதல் மாதமே புரிந்துவிட்டது.

பரலோகத்தைக் கேட்டீர்கள் அல்லவா? அதற்கு முன் காணியைப் பற்றி ஒன்று. 2016 மே 17 அன்று அரநாயக்கையில் மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய, களுபான தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்து நம் சனம் புதைந்தது. சரிவின் அடியில் லயம் கட்டி, அதிலேயே தலைமுறை தலைமுறையாகக் குடிவைத்தவர்கள் மனிதர்கள். அதைத் தேவசித்தம் என்று சொல்லி எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. காணி பற்றி நான் பேசுவது இதனால்தான்.

அந்த உவமை எப்படித் தொடங்குகிறது என்று இன்று ராத்திரி வீட்டில் எடுத்துப் படியுங்கள். இயேசு அதைப் பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பாகத்தான் சொல்கிறார். பெரட்டுக்களம், கூலி, மழை, அடுப்பு எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. நான் பரலோகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன், பிள்ளைகளே.

கோயில் கூட்டிய அந்தப் பிள்ளைக்கு வெட்டிய காசை மறுவாரமே திருப்பிக் கொடுத்தேன். எல்லாரும் பார்க்கத்தான்.