108 லிங்கம், 5 நாய்!

ராமர் 108 லிங்கம் வைத்துப் பாவம் தீர்த்ததாகச் சொல்லும் ஊர், தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே பாபநாசம். எங்க வீட்டு மணியோடு போயிருந்தேன். ஹைதராபாத்தில் 2018-ல் நாய்களுக்கென்றே பூங்கா திறந்தார்களே, நமக்குக் குடமுருட்டிக் கரையே பூங்கா என்று சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். பாவி நான்!

ஐந்து நாய்கள் சூழ்ந்தன. மணியின் காதில் ரத்தம்.

டீக்கடைப் பெரியவர்தான் ஓடிவந்து விரட்டினார். "ஏன் தம்பி, புது மாப்பிள்ளையை மொத நாளே சம்பந்தி கூட்டத்துல தள்ளுவாங்களா? ஒண்ணொண்ணாப் பழக்கணும்!"

காதைச் சோப்புப் போட்டுக் கழுவி, கால்நடை டாக்டரிடம் வெறிநாய்த் தடுப்பூசி. அப்புறம்தான் கோயில்.

நாலு நாள் கழித்து, பெரியவரின் கிழட்டு நாயோடு மட்டும், பத்தடி தள்ளி, சங்கிலியைத் தளர்த்திப் பிடித்துக் கரையோரம் நடந்தோம். அரை மணியில் இரண்டும் மோந்துகொண்டு வாலாட்டின.

என் பாவம் போச்சோ என்னவோ, மணியின் பயம் போச்சு!