திருவல்லிக்கேணியில் ஒரு கடப் பாடம்

பார்த்தசாரதி கோயிலில் தரிசனம், பைகிராஃப்ட்ஸ் சாலைப் பழைய புத்தகக் கடைகளில் பேரம், ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி. இவ்வளவும் முடிந்தால் திருவல்லிக்கேணியைப் பார்த்தாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறோம். ஆனால், தாளம் பழகுகிறவர்களுக்கு இந்தப் பேட்டை வேறொரு காரணத்துக்காக முக்கியம்.

ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயா. டி.ஆர்.ஹரிஹர சர்மா 1958-ல் தொடங்கிய பள்ளி. கடத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன விக்கு விநாயக்ராம் இவருடைய மகன், சீடரும்கூட.

இத்தகைய பள்ளிகளில் பாடம் கையில் தொடங்குவதில்லை, வாயில் தொடங்குகிறது. ‘தா தீ தொம் நம்’ என்று சொல்லிச் சொல்லி, தொடையில் தாளம் போட்டு, பிறகுதான் விரல் வாத்தியத்தைத் தொடும். ஐந்துக்கு ‘தகதகிட’, ஏழுக்கு ‘தகிட தகதிமி’ என்று கணக்கெல்லாம் சொல்லாகவே மனதில் உட்காரும். கொன்னக்கோல் என்று இதற்குப் பெயர். வாயில் வராதது கையில் வராது என்பது மிருதங்க ஆசிரியர்கள் எல்லோருக்கும் பொதுவான கண்டிப்பு. ஹரிஹர சர்மா இந்தப் பாடங்களை முறைப்படுத்தி 1969-ல் மிருதங்கத்துக்கென ஒரு புத்தகமே வெளியிட்டார்.

ஜப்பானியர்களின் தைக்கோ முரசிலும் இதே கதைதான். அங்கே நடுத்தோலில் விழும் அடிக்கு ‘டோன்’, விளிம்பில் விழும் அடிக்கு ‘கா’. மாணவர்கள் முதலில் சொல்லித்தான் பழகுகிறார்கள். 1951-ல் ஒகுச்சி தைஹாச்சி என்ற ஜாஸ் டிரம்மர், கோயில் விழா முரசுகளை ஒன்றுசேர்த்துக் குழுவாக வாசிக்க வைத்தார். இன்று உலகெங்கும் ஊருக்கு ஊர் நடக்கும் தைக்கோ வகுப்புகளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

திருவல்லிக்கேணிக்குத் திரும்புவோம். மயிலாடுதுறையில் பிறந்து இந்தப் பேட்டையில் வளர்ந்த சுகன்யா, தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் கொள்ளுப்பேத்தி. பள்ளிக்கு அவர் போனது வயலின் கற்க. விநாயக்ராமின் தம்பி குருமூர்த்திதான் ஆசிரியர். வில் ஒரு பக்கம் இருக்க, காது முழுக்க மிருதங்க வகுப்பின் பக்கம். இதைக் கவனித்த ஹரிஹர சர்மா, சிறுமியை மிருதங்கத்தில் உட்கார வைத்துவிட்டார். பெண்கள் தாளவாத்தியத்தைத் தொடுவதே அபூர்வமாக இருந்த காலம் அது.

அடுத்து சுகன்யாவுக்குக் கடத்தின் மேல் ஆசை வந்தது. விநாயக்ராம் தயங்கினார். கடம் சுட்ட மண். தோல்போல விரலுக்கு வளைந்து கொடுக்காது. பெண்ணின் விரல் தாங்குமா என்பது அவர் கவலை. அப்பாவோ விடவில்லை. ஒரு வருடத்தில் இவளைத் தயார்செய்து காட்டுகிறேன் என்று மகனிடமே சவால் விட்டார். விநாயக்ராம் அமெரிக்காவில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த சமயம், இங்கே அப்பாவின் பயிற்சி நடந்தது. திரும்பி வந்து கேட்ட மகன் சிஷ்யையாக ஏற்றுக்கொண்டார். மகன் சொன்னதே சரி என்று அப்பா அன்று விட்டிருந்தால், கடம் இன்னும் எத்தனை காலம் ஆண்கள் மடியிலேயே இருந்திருக்குமோ!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கனமும் உறுதியும் கொண்ட கடத்துக்குப் பெயர்போன ஊர் மானாமதுரை. அங்கே சக்கரத்திலிருந்து இறக்கிய ஈரப் பானையை, உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித்தான் சுவரைச் சீராக்குவார்கள். அந்த நாதத்தைத் தட்டி எடுத்ததற்காகச் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர் மீனாட்சி கேசவன் என்ற பெண்மணி. கடத்தைத் தட்டி உருவாக்கப் பெண்ணின் கை போதும். வாசிக்க மட்டும் போதாதா?

கற்றுக்கொண்டதோடு சிரமம் தீரவில்லை. பெண் கடம் வாசிக்கும் மேடையில் உட்கார மாட்டோம் என்ற மிருதங்கக்காரர்களும் இருந்தார்கள். சுகன்யா ராம்கோபால் சோர்ந்துவிடவில்லை. வெவ்வேறு சுருதியில் ஆறேழு கடங்களை வரிசையாக வைத்து ராகம் வாசிக்கும் ‘கட தரங்’கை உருவாக்கினார், 1995-ல் பெண்கள் மட்டுமே கொண்ட ‘ஸ்த்ரீ தாள் தரங்’ குழுவைத் தொடங்கினார். அவருக்கும் சங்கீத நாடக அகாதமி விருது வந்தது, 2014-க்கானது. குருவின் பாணியைப் பற்றி ‘சுநாதம்’ என்றொரு நூலும் எழுதினார். தயங்கிய குருவுக்கு இதைவிட நல்ல தட்சிணை என்ன இருக்க முடியும்!

விநாயக்ராமின் கதை ஊரறிந்தது. ‘சக்தி’ குழு, ‘பிளானட் டிரம்’ ஆல்பத்துக்குக் கிராமி, 2014-ல் பத்மபூஷண். ‘வெண்ணிலா கபடிக் குழு’வுக்கு இசையமைத்த மகன் செல்வகணேஷ், 2024-ல் அதே ‘சக்தி’ குழுவோடு கிராமி வாங்கினார்.

திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் திருமயிலை. மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் சாயங்காலம் நடந்தால், ஏதாவது ஒரு மாடியிலிருந்து ‘தகதிமி’ கேட்கும். விஜயதசமியன்று வெற்றிலை, பாக்கு, பழத்தட்டோடு சேர்க்க வரும் பிள்ளைகளில் பெண் குழந்தைகளும் உண்டு. யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

மார்கழிக் கச்சேரிக்குப் போனால் ஒரு சின்ன வேண்டுகோள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனை நோக்கி ஒரு கூட்டம் எழுந்துபோகும். அடை அவியல் எங்கேயும் போய்விடாது. மிருதங்கம் ஓய்ந்து கடத்தின் முறை வரும்வரை உட்கார்ந்திருங்கள்.