பழுதும் ஓர் ஆசான்

ஏட்டுக் கல்விக்கும் கைத்தொழிலுக்கும் இடையே நாம் நெடுங்காலமாக ஒரு வேலியை எழுப்பி வைத்திருக்கிறோம். ஏடு தொடுபவர் கருவி தொடுவதில்லை. கருவி தொடுபவருக்கு ஏடு எட்டுவதில்லை. மைய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நானும் அவ்வேலியின் ஒருபுறத்தில் வளர்ந்தவனே. தில்லியில் எட்டாம் வகுப்பு பயிலும் என் மகள் கட்டிய சிறு வண்டி ஒன்று, அவ்வேலியில் ஒரு வாயில் உண்டு என்பதை எனக்குக் காட்டியது.

அது விலையுயர்ந்த பொருள் அன்று. இரண்டு மோட்டார்கள், மூன்று சக்கரங்கள், உள்ளங்கையில் அடங்கும் அர்டுயினோ பலகை, தொலைவை அளக்கும் உணரி; இவ்வளவே. உணரி நம் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்புகிறது. எதிரே உள்ள பொருளில் பட்டு அது எதிரொலியாய் மீள்கிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். போய்வந்த நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டு, 20 சென்டிமீட்டருக்குள் தடை இருந்தால் வண்டி நின்று திரும்புமாறு அவள் நிரல் எழுதினாள். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த எதிரொலிப் பாடம், வண்டி சுவரில் மோதாமல் காத்தது.

ஆயினும், நேரே செல்லப் பணித்த வண்டி இடப்பக்கமே விலகிச் சென்றது. நிரலை மும்முறை படித்தாள், பிழை இல்லை. பின்னர்த் தரையில் நூல் பிடித்து விலகலை அளந்தாள். ஒரே அளவு மின்சாரம் பெற்றாலும் இரு மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை என்பது அப்போதுதான் புலனாயிற்று. வலப்பக்க மோட்டாரின் வேகத்தைச் சற்றே குறைத்தாள், வண்டி நேராயிற்று. அம்மாலையில் அவளை எவரும் கடிந்துகொள்ளவில்லை. சிவப்பு மையால் எவரும் சுழிக்கவில்லை. பழுதே ஆசானாய் அமர்ந்து பாடம் நடத்தியது.

பிழை என்பது தண்டனைக்கு உரியதன்று, ஆராய்ந்து திருத்துதற்கு உரியது என்னும் நெறியைக் குழந்தைக் கல்வியில் வலியுறுத்தியவர் சீமோர் பாப்பர்ட். உளவியல் அறிஞர் பியாஜேயோடு ஜெனீவாவில் பணியாற்றிய இவர், 1967-இல் லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கிய குழுவினருள் ஒருவர். 1980-இல் இவர் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் பெயரையே லெகோ நிறுவனம் 1998-இல் தன் கருவிப்பெட்டிக்குச் சூட்டியது.

நம் நாட்டிலும் 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம், பள்ளிகளில் இத்தகைய ஆய்வுக்கூடங்கள் அமைக்க ஒவ்வொன்றுக்கும் 20 இலட்சம் ரூபாய் வரை வழங்கியது. ஆனால் கருவி வந்த இடமெல்லாம் கல்வி வந்துவிடுமா? ஒரு பள்ளியில் அக்கருவிப்பெட்டிகள் கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டிருக்கக் கண்டேன். "உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே, ஐயா" என்றார் பொறுப்பாசிரியர்.

அவ்வச்சத்தை என்னைப் போன்ற எழுத்தன் நன்கறிவான். தொடாத பொருள் இருப்புப் பதிவேட்டில் குறைவதில்லை. தணிக்கையில் கேள்வியும் எழுவதில்லை. ஆனால் பதிவேட்டில் குறையாத அப்பொருளால் குழந்தையின் அறிவு கூடுவதும் இல்லை. இதற்கு மருந்தும் பதிவேட்டிலேயே இருக்கிறது. கம்பி, விளக்கு, உணரி, சிறு மோட்டார் ஆகியவற்றை நிலைப்பொருளாக எழுதாமல் நுகர்பொருள் பதிவேட்டில் ஏற்றுங்கள். சுண்ணக்கட்டி தேய்ந்தது ஏன் என்று எந்த ஆசிரியரையும் எவரும் விளக்கம் கேட்பதில்லை அன்றோ?