பொறுத்துக்கொள் என்று சொன்னேன்

ஒரு மௌலவி எழுதும் விடயமா இது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. மனைவியிடம் கேட்டேன். “எழுதுங்க. நோவு எங்களுக்கு, ஆனா கடைக்குப் போய் அதை வாங்கிட்டு வாறது ஆம்புளைகள்தானே” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

என் மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. கடைசிப் பிள்ளை பிறந்தபோது சம்பளத்துடன் கிடைத்த லீவு 84 வேலை நாட்கள். அது முடிந்தாலும் ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தார். பாமசிக்குப் போய், கரண்டில் வேலை செய்யும் பால் பம்ப் ஒன்றை நானே வாங்கி வந்தேன். அளவு பற்றிக் கேட்க எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாளே நோவு தொடங்கியது. ஒரு வாரத்தில் காம்பு வீங்கி வெடித்துவிட்டது. பம்பைக் கையில் எடுக்கும்போதே அவரது முகம் மாறிவிடும். பாலும் குறைந்துகொண்டு வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பொறுமையின் சிறப்பைப் பற்றி உபதேசம் செய்தேன்! அவர் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த குடும்பநல மாது பம்பைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அளந்து பார்த்தா வாங்கினீங்க?”

மார்பில் வைக்கும் புனல் போன்ற பாகத்துக்கு அளவு உண்டாம். அதன் குழாயின் குறுக்களவை மில்லிமீற்றரில் குறிப்பிடுவார்கள். எங்களுடையதில் 28 என்று பொறித்திருந்தது. அதை நான் மொடல் இலக்கம் என்று நினைத்திருந்தேன். பிள்ளைகளின் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு மனைவி அறைக்குள் போனார். அளவு 17!

சகோதரிகளே, பம்ப் பண்ணுவதற்கு முன்னர் அளந்து பாருங்கள். காம்பின் அடிப்பகுதியின் அகலத்தை மட்டுமே அளக்க வேண்டும். சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்கக் கூடாது. அதைவிட ஓரிரண்டு மில்லிமீற்றர் கூடிய புனல் பலருக்குப் பொருந்தும். காம்பு மட்டும் குழாய்க்குள் இலகுவாகப் போய் வந்தால் அளவு சரி. கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு பக்கத்தில் உரசி வெளிறிப்போனால் சிறிது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றில்லை. மாதங்கள் செல்ல அளவு மாறவும் கூடும்.

இன்னொன்று, இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்பது பிழையான எண்ணம். நோவும் பதற்றமும் பால் இறங்குவதையே தடுத்துவிடும். குறைவாகத் தொடங்கி மெதுவாகக் கூட்டி, நோகத் தொடங்கினால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். மார்பு சிவந்து கட்டியாகிக் காய்ச்சலும் வந்தால் வீட்டில் இருக்காமல் டொக்டரிடம் போங்கள்.

புதிய பம்ப் வாங்கத் தேவைப்படவில்லை. குழாய்க்குள் பொருத்தும் 19 மில்லிமீற்றர் சிலிக்கன் உள்ளுறைகள் இரண்டைத் தேடி வாங்கினேன். காயம் ஆறச் சில நாட்கள் சென்றன. பிறகொரு நாள் சுபஹுக்குப் பின் அவர் பம்ப் பண்ணிக்கொண்டே மூத்தவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அறைக்கு வெளியே கேட்டது. அன்றுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்பு இருக்கட்டும், போத்தல்களைக் கழுவி வைங்க” என்றார். அந்த வேலை இன்னும் என்னுடையதுதான்.